முடிக்காத வேலையோடு வரும் நண்பர்

1896 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் ஓவியர் ஜான் எவரெட் மில்லே காலமானார். நீரோடையில் மிதக்கும் ஒஃபீலியாவை வரைந்தவர். இறக்கும்போது ராயல் அகாதெமியின் தலைவர். அந்த மாதத்தில் முப்பது வயதுப் பெண் ஒருவர், தானே உருவாக்கிக்கொண்ட சங்கேத எழுத்தில், தன் நாட்குறிப்பில் அவரைப் பற்றி எழுதினார். சிறு வயதில் அவரைக் கண்டாலே பயம். தன் முகம் சிவப்பதைப் பார்ப்பதற்கென்றே சீண்டுவார். இருந்தாலும் என்றைக்கும் அன்போடுதான் நினைத்துக்கொள்வேன் என்பது அதன் சாரம். வரையத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு, உனக்கும் என் மகன் ஜானுக்கும்தான் உற்றுப் பார்க்கத் தெரிகிறது என்று மில்லே ஒருமுறை சொன்னதையும் குறித்துவைத்தார். அந்த ஜானுக்கு அப்போது வரையவே வராது, ஆனாலும் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குச் சரியாக விளங்கியது என்று கூடவே சேர்த்துக்கொண்டார்.

எழுதியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். முயல்குட்டி பீட்டரின் கதையை எழுதி வரைந்தவர். அந்த நாட்குறிப்பை லெஸ்லி லிண்டர் என்பவர் பல ஆண்டுகள் போராடி 1958இல் படித்துவிட்டார். பிரான்சின் 16ஆம் லூயி மன்னர் கொல்லப்பட்ட 1793ஆம் ஆண்டுதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. இல்லாவிட்டால் மில்லே அந்தப் பெண்ணுக்கு என்ன தந்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

பாட்டர் பள்ளிக்கூடம் போனதில்லை. 1866இல் பிறந்தது முதல் லண்டன் போல்டன் கார்டன்ஸ் 2ஆம் எண் வீட்டின் மூன்றாம் மாடிதான் அவளுடைய வகுப்பறை, விளையாட்டு மைதானம், சோதனைச்சாலை எல்லாம். வீட்டு ஆசிரியைகள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ரம் பத்துப் பதினோரு வயதானதும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அக்காள் அதே மாடியில் தங்கிப்போனாள். வசதி படைத்த குடும்பங்களில் பெண் குழந்தைக்கு அன்று இருந்த வழக்கம் அது. அவளுடைய வீட்டுக்கல்வியை நாம் கொண்டாடும்போது இதை மறந்துவிடக் கூடாது. அது யாரும் கூடி யோசித்துத் தேர்ந்தெடுத்த முறை இல்லை. சக வயதுப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு அவளுக்கு அரிதாகவே கிடைத்தது. பள்ளிக்கு அனுப்பாததற்காகப் பிற்காலத்தில் அவர் நன்றியோடு பேசினார் என்பது உண்மை; பள்ளி தன் தனித்தன்மையைத் தேய்த்திருக்கும் என்று அவர் நம்பினார். அந்தத் தனிமையின் பாரத்தை நாட்குறிப்பின் பக்கங்களிலும் பார்க்கலாம். இரண்டும் உண்மை.

அந்த மாடிக்குப் படியேறி வந்தவர்கள் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

தந்தை ரூபர்ட் பாட்டர் வழக்கறிஞர். ஆனால் மனம் முழுக்கப் புகைப்படத்தில் இருந்தது. பணம் அவருடைய தகப்பனார் எட்மண்ட் பாட்டரின் பருத்தித் துணி அச்சுத் தொழிலிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகளைப் பார்த்துப் பார்த்து நகலெடுக்கக் கற்றுக்கொண்டுதான் இங்கிலாந்தின் துணி அச்சுத் தொழில் வளர்ந்தது. அந்தக் குழந்தைகள் அறைக்கும் நம் கடற்கரைக்கும் அப்படி ஒரு தூரத்து உறவு உண்டு. மில்லே ரூபர்ட்டின் நண்பர். உருவப்படம் வரையும்போது உட்கார்ந்திருப்பவரையும், நிலக்காட்சி வரையும்போது பின்புலத்தையும் ரூபர்ட் படம் பிடித்துக் கொடுப்பார். பிரதமர் கிளாட்ஸ்டனின் படத்துக்கும் அப்படி உதவினார். ஆக மில்லே அந்தக் குடும்பத்தோடு பழகியது விருந்தாளியாக மட்டும் இல்லை, வேலை நிமித்தமாகவும்தான். கையில் எப்போதும் பாதி முடிந்த ஒரு படம் இருக்கும். அதற்கு ஒரு புகைப்படம் வேண்டியிருக்கும். அப்பாவோடு மில்லேயின் ஓவியக்கூடத்துக்குப் போன சிறுமிக்கு, ஒரு படம் எப்படி நடுவில் தடுமாறுகிறது, எங்கே சாயம் சேற்று நிறமாகிறது, எப்படி மீட்கிறார்கள் என்பதெல்லாம் கண்முன் நடந்தது. வண்ணம் குழைப்பது பற்றி அவர் அவளிடம் பேசினார்.

முறையான ஆசிரியர்களும் இருந்தார்கள். 1878 முதல் 1883 வரை மிஸ் கேமரன் என்ற பெண்மணி வந்து கைவாக்கில் கோடு போடுவது, வடிவியல், தூரக்காட்சி, கொஞ்சம் பூக்களை நீர்வண்ணத்தில் தீட்டுவது என்று கற்றுக் கொடுத்தார். அதற்கு அரசுத் துறை ஒன்றின் சான்றிதழும் கிடைத்தது. பாட்டர் அவரைப் பற்றி நன்றியோடுதான் எழுதுகிறார். கடைசி நாட்களில் இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அங்கே பதினேழு வயதுகூட ஆகாத பெண் சொல்லும் கருத்து கவனிக்கத்தக்கது: வண்ணம் என்ற பொருளின் நுணுக்கங்களைச் சொல்லித் தரலாம், அதைத் தாண்டி ஓவியத்தைக் கற்பிப்பது கடினம். அதற்குப் பிறகு எண்ணெய் வண்ணம் கற்பிக்க இன்னொரு பெண்மணி அமர்த்தப்பட்டார். அவருடைய முறை தன்மேல் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று அவள் அஞ்சினாள்.

ஆசிரியைக்கும் மில்லேவுக்கும் என்ன வேறுபாடு? திறமையில் இருந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆசிரியை அந்த வீட்டுக்குள் வரும்போது குழந்தைதான் அவருடைய வேலை. நண்பர் வரும்போது அவருக்கென்று சொந்த வேலை ஒன்று இருக்கிறது. அதன் ஓர் ஓரத்தில் குழந்தையை உட்கார வைக்கிறார். குழந்தை முன்னேறியதா என்று அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அதனால்தான் அவர் பாராட்டினால் அது ஒட்டுகிறது. மில்லே எல்லோரையும்தான் ஊக்கப்படுத்துவார் என்று பாட்டரே எழுதுகிறார். அதையும் மீறி, பார்வையைப் பற்றிச் சொன்ன சொல்லை மட்டும் அவர் தனியே பிரித்து எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மகன் ஜான், பின்னாளில் பறவைகளையும் பாலூட்டிகளையும் பற்றிப் புத்தகங்கள் எழுதி, தானே படமும் வரைந்தார். மில்லேயின் கண் இரண்டு குழந்தைகள் விஷயத்திலும் சரியாகத்தான் இருந்தது.

கோடைகாலத்தில் குடும்பம் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயருக்குப் போகும். 1871 முதல் 1881 வரை டால்கைஸ் என்ற மாளிகையை வாடகைக்கு எடுத்தார்கள். மில்லே அங்கேயும் வருவார். நாவலாசிரியை எலிசபெத் காஸ்கலின் கணவரும் சமயப் போதகருமான வில்லியம் காஸ்கலும் வருவார். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1874 கிறிஸ்துமசுக்கு எட்டு வயதுப் பியாட்ரிக்ஸ் அவருக்குக் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றைத் தானே பின்னி அனுப்பினாள். அவர் நன்றி சொல்லி எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. குடும்ப நண்பர் குழந்தைக்கு எதைக் கொண்டுவருகிறார் என்று மட்டுமே நாம் பேசுகிறோம். குழந்தை கையால் செய்த ஒன்று போய்ச் சேர்வதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு மனிதர் வேண்டும். அம்மா அப்பாவிடம் கொடுத்தால் மெச்சுவார்கள். வெளியில் ஒருவர் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மான்செஸ்டர் குளிரில் நடப்பார் என்று தெரிந்தால், பின்னுகிற கை இன்னும் கவனமாகும்.

1875ஆம் ஆண்டு டால்கைஸில் பியாட்ரிக்ஸ் வைத்திருந்த ஒரு நோட்டு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பளிப்பூச்சிகளின் படம், நிறம், எதைத் தின்கின்றன, எங்கே கண்டாள் என்ற குறிப்பு. அக்காளும் தம்பியும் முயல், சுண்டெலி, முள்ளெலி, வௌவால், தவளை, நீர்ப்பல்லி எல்லாவற்றையும் மாடி அறைக்குள் கடத்திக் கொண்டுவந்தார்கள். செத்துப்போன பிராணிகளை வேகவைத்து எலும்பைப் பிரித்து, அளந்து, வரைந்தார்கள். இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் பீட்டர் முயலின் பின்னங்கால்களை ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். நீலச் சட்டைக்குள் இருப்பது சரியான முயலின் உடம்பு.

1882இல் கோடை விடுமுறை ஏரி மாவட்டத்துக்கு மாறியது. அங்கே ரே என்ற ஊரின் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி பழக்கமானார். பியாட்ரிக்சுக்கு அப்போது பதினாறு. இரண்டு ஆண்டுகள் கழித்து ரான்ஸ்லியும் மனைவி ஈடித்தும் கெஸ்விக்கில் மர வேலைப்பாட்டுக்கும் உலோகத் தகட்டில் உருவம் தட்டுவதற்கும் மாலை வகுப்புகள் தொடங்கினார்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் உள்ளூர் ஆட்களுக்காகத் தொடங்கியது அது. 1895இல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவிய மூவரில் ரான்ஸ்லியும் ஒருவர். புத்தகம் போடு என்று அவளைத் தொடர்ந்து தூண்டியவரும் அவர்தான்.

ஆனால் இந்த நண்பர்கள் வரிசையில் மனத்தைத் தொடுபவர் ஒரு தபால்காரர்.

சார்ல்ஸ் மெக்கின்டாஷ், டன்கெல்டு அருகே இன்வர் என்ற சிற்றூர்க்காரர். இளம் வயதில் மரம் அறுக்கும் ஆலையில் இடது கை விரல்களை இழந்தார். தபால் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தபோது பாதையோரத்துப் பாசி, பெரணி, காளான் எல்லாவற்றையும் தானாகவே படித்துத் தேர்ந்தார். டால்கைஸ் நாட்களில் அந்த நெட்டையான, கூச்சம் நிறைந்த மனிதரைச் சிறுமி பார்த்திருக்கிறாள். 1892 அக்டோபரில், அவர் ஓய்வு பெற்றபின், முதன்முறையாக உட்கார்ந்து பேசினார்கள். பாட்டரின் காளான் படங்களைப் பார்த்த பிறகுதான் மெக்கின்டாஷின் வாய் திறந்தது. பிறகு ஓர் ஏற்பாடு உருவாயிற்று: அவர் குளிர்காலத்தில் காளான்களைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார், பாட்டர் ஒவ்வொன்றையும் இருமுறை வரைந்து ஒரு பிரதியை அவருக்கு அனுப்புவார்.

ஓவியத்தைப் பற்றி மெக்கின்டாஷ் சொன்ன திருத்தம் மிகச் சிறியது. காளான் குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகள் தண்டோடு எப்படிச் சேர்கின்றன என்பது தெரிந்தால்தான் அது எந்த வகை என்று சொல்ல முடியும்; ஆகவே முழுக் காளானோடு நெடுக வெட்டிய தோற்றத்தையும் போடுங்கள். அதற்குப் பிறகு வந்த படங்களில் வெட்டுத் தோற்றம் வந்துவிட்டது. அழகான படம் பயன்படும் படமாயிற்று. எந்த ஓவிய ஆசிரியரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அந்தத் திருத்தம் அழகிலிருந்து பிறந்ததே இல்லை. அந்த மனிதருக்குக் காளானை அடையாளம் காண வேண்டும். படம் அவருக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்டவர் சொல்லும் குறைக்கு, மதிப்பெண் போடுபவர் சொல்லும் குறையில் இல்லாத ஒரு கண்ணியம் இருக்கிறது. பாட்டருக்கு அப்போது இருபத்தாறு வயது, குழந்தை இல்லைதான். என்றாலும் அதே மாடி அறையில், அதே தனிமையில், யாராவது தன் வேலையை வேலையாக எடுத்துக்கொள்வார்களா என்று காத்திருந்தவர் அவர்.

அடுத்து நடந்ததும் தெரிந்த கதையே. காளான் வித்து முளைப்பதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் கியூ தாவரத் தோட்டத்து ஜார்ஜ் மாசீ அதை முன்வைத்தார். கட்டுரை பிறகு திரும்பப் பெறப்பட்டது. படிப்பாளிகளின் கதவு மூடிக்கொண்டது. விரல் இல்லாத கையோடு காளான் பொறுக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பியவரின் கதவு ஒருநாளும் மூடவில்லை. 1967இல் டபிள்யூ. பி. கே. ஃபிண்ட்லே காளான்களைப் பற்றி ஒரு கையேடு எழுதியபோது பாட்டரின் 59 படங்களை எடுத்தாண்டார். அவை வரையப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏரி மாவட்டத்தில், ஆம்பிள்சைடு என்ற ஊரில், ஆர்மிட் நூலகம் இருக்கிறது. பாட்டரின் காளான் படங்களில் பெரும்பகுதி அங்கேதான். அதே ஊரில் 1892இல் ஷார்லட் மேசன் வீட்டு ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையம் தொடங்கினார். வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி அவர் 1886இல் எழுதிய நூலை இன்றும் பல நாடுகளில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கையில் வைத்திருக்கின்றன. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தைத் தபாலில் அனுப்பினார். குழந்தை ஒவ்வொன்றும் இயற்கை நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். கண்டதைத் தேதியிட்டுத் தூரிகையால் தீட்ட வேண்டும் என்றார். கைவேலை விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். பட்டாணியில் குச்சி செருகுவது, காகிதத் துண்டுகளைக் கோத்துப் பாய் முடைவது போன்ற ஒன்றுக்கும் உதவாத வேலைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள், அரைகுறையை ஏற்காதீர்கள், ஆகவே குழந்தையின் எல்லைக்குள் அடங்கும் வேலையாகத் தேர்ந்தெடுங்கள் என்பது அவர் கட்டளை. அவருடைய தோழி, சிற்பக்கலைஞர் எமலின் ஸ்டைன்தால், மேசனின் கல்வி இயக்கத்தின் இதழில் ஓர் அத்தையின் பெயரில் குழந்தைகளுக்கான பக்கங்களை எழுதினார். பார்த்திராத பிள்ளைகளுக்கும் ஒரு குடும்பத் தோழி கிடைத்தாள்.

மேசனின் கண்டிப்பை இன்றைக்கு யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். கடையில் பெட்டிபெட்டியாகக் கைவேலைப் பொருள்கள் விற்கின்றன. எல்லாம் அளவாக வெட்டி, எண் போட்டு, பசையும் உள்ளேயே வைத்து. முடிவு அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு பெட்டியோடு வரும் நண்பருக்கு அன்பு இருக்கலாம். பகிர்ந்துகொள்ள அவரிடம் ஏதுமில்லை. அந்த வேலையை அவர் தனக்காக ஒருநாளும் செய்ததில்லை, குழந்தை போன பிறகு செய்யப்போவதும் இல்லை. குழந்தைகளுக்கு இது உடனே தெரிந்துவிடும். மாறாக, தறி நெய்பவர் சிக்கிய பாவு ஒன்றைக் கொண்டு வந்து நடுக்கூடத்தில் பிரித்துப் போடட்டும். விளம்பரப் பலகை எழுதுபவர் ஓர் எழுத்தின் வளைவு பிடிபடாமல் சுண்ணக்கட்டியால் தரையில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கட்டும். மூன்றாவது நிமிடம் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

பாட்டரும் ஒரு வீட்டுக்குக் குடும்பத் தோழியாக ஆனார். 1883இல் அவருக்கு ஜெர்மன் கற்பிக்க வந்தவர் ஆனி கார்ட்டர். மூன்று வயதுதான் மூத்தவர். 1885இல் எட்வின் மூர் என்ற பொறியாளரை மணப்பதற்காக விலகிப் போய்விட்டார். ஆசிரியை தோழியானார், பிள்ளைகள் பிறந்தார்கள். பாட்டர் அவர்களுக்குப் படக் கடிதங்கள் எழுதினார். 1893 செப்டம்பர் 3 அன்று டன்கெல்டில் அபூர்வமான, செதில் செதிலாகக் கறுத்த காளான் ஒன்றை வரைந்தார். மறுநாள் செப்டம்பர் 4 அன்று, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயது நோயல் மூருக்கு, என்ன எழுதுவதென்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதினார். அதற்கும் மறுநாள் தம்பி எரிக்குக்கு ஒரு தவளைக் கதை. மூன்று நாளும் அதே கை, அதே கவனம். குழந்தைக்கு என்று வேறொரு கையை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில் தன் கதைப் பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்வதுபோலக் குட்டிக் கடிதங்கள் எழுதி, மடித்து, மேலே சின்னதாகத் தபால்தலையும் வரைந்து குழந்தைகளுக்கு அனுப்பினார். 1911இல் பீட்டரை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். பாட்டர் வளர்ந்த வீடு 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த இடத்தில் இன்று ஒரு தொடக்கப் பள்ளி நடக்கிறது.

மூர் பிள்ளைகளுக்கு எழுதிய அந்தப் படக் கடிதங்களைப் புத்தகமாக்கலாமே என்று சொன்னவர் ஆனி. பாட்டர் கடிதங்களைத் திரும்பக் கேட்டார். பிள்ளைகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். நோயல் தன் கடிதத்தை இரவல் கொடுத்தான். அதைப் பார்த்துப் படி எடுத்து, கதையை வளர்த்து, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். அதே கிறிஸ்துமசுக்கு நோயலின் தங்கை ஃப்ரீடாவுக்குக் குளோஸ்டர் நகரத்துத் தையல்காரரின் கதையை ஒரு நோட்டில் எழுதி, பன்னிரண்டு நீர்வண்ணப் படங்களையும் தீட்டிப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஃப்ரீடாவிடமும் போய், அந்த நோட்டைக் கொஞ்ச நாள் தர முடியுமா, எனக்கு அதில் இன்னும் வேலை இருக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. ஃப்ரீடா கொடுத்தாள். 1902 டிசம்பரில் தையல்காரரின் கதை 500 பிரதிகள் அச்சாயின.